ஆறு தீக்குச்சி ஆழம்

2017 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு, ஊஞ்சக்காட்டில் இருபத்து நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், மைனாவதி என்கிற முப்பத்து மூன்று வயதுப் பெண் அறுந்த இழையை முடிந்துவிட்டு மிச்ச நூலை முன்பற்களால் கடித்தாள், நூல் அறவில்லை. மறுபடியும் கடித்தாள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நூல் ஈரமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்தக் கூடத்தில் கத்தரிக்கோலுக்கு இடமில்லை. எப்போதோ யாருடைய மடியிலிருந்தோ நழுவிய கத்தரிக்கோல் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலின் மேல் விழுந்து நூற்றுக்கணக்கான இழைகளை ஒரே நொடியில் அறுத்துப்போட்ட நாளிலிருந்து, கையில் இரும்போடு யாரும் பாவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது வழக்கமாகி, ஆணும் பெண்ணும் நூலைப் பல்லால்தான் கடித்தார்கள். ஊஞ்சக்காட்டில் ஒருவர் தறிக்காரரா இல்லையா என்பதை அவர் சிரிக்கும்போது முன்பல்லில் தெரிகிற சின்னப் பள்ளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"என்ன அம்மிணி, பல்லு வெளக்கறப்பப் பல்லையும் சேத்துத் துப்பிட்டயா?" என்று பக்கத்துத் தறியில் இருந்த ராசாமணி சத்தம் போட்டுக் கேட்டாள். ராசாமணிக்கு ஐம்பது வயது. கூடத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, கோயிலுக்குள்ளும் அதே குரலில்தான் சாமி கும்பிடுவாள். தன் தறியை நிறுத்திவிட்டு வந்து, மைனாவதியின் நூலைத் தன் வாயில் கவ்வி, டக்கென்று அறுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, காதுக்குள்ள ஏதோ சொடக்குப் போடுதுங்க்கா."

"எப்ப?"

"இப்ப. இதா, இன்னொண்ணு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழந்தைவேலுவின் தென்னந்தோப்பில் அன்று அதிகாலையிலிருந்து ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது. இருபது அடிக் குழாய் ஒன்று இறங்கி முடிந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும்; அடுத்த குழாயை மாட்டுவார்கள்; மறுபடி இறங்கும். குழாய் இறங்கி முடிகிற ஒவ்வொரு முறையும் மைனாவதியின் காதோரத்தில், தாடை கபாலத்தோடு சேருகிற இடத்தில், ஒரு சொடக்கு விழுந்தது. ராசாமணி தறிக்கூடத்தின் வாசலில் போய் நின்று, தோப்புப் பக்கம் ஒரு காதையும் மைனாவதி பக்கம் ஒரு கண்ணையும் வைத்துச் சரிபார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. "அவிய அங்க எறக்கறாங்க, உனக்கு இங்க எறங்குது. சாயங்காலம் கசாயம் வெச்சுக் குடி" என்று சொல்லிவிட்டுத் தன் தறியை ஓட்டப் போனாள்.

சாயங்காலம் குழந்தைவேலுவின் தோப்பில் எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது. மைனாவதியின் பற்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிற அளவுக்கு இடைவெளி வந்திருந்தது.

ஊஞ்சக்காடு திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்து வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. பாதி ஆண்கள் ரிக் வண்டியில் ஏறிக்கொண்டு பாஷை தெரியாத ஊர்களில் பூமியைத் துளைத்துவிட்டு மழைக்காலத்தில் வீடு திரும்புவார்கள். மீதிப் பாதி தறியில் இருக்கும். மைனாவதியின் கணவன் சென்னியப்பன் சத்தீஸ்கரில் ஒரு வண்டியில் துளைபோடுகிறவனாக இருந்தான். எந்தக் கல்லில் தண்ணீர் இருக்கும், எந்தக் கல்லில் வெறும் புழுதி பறக்கும் என்று பேசாத டீக்கடை அந்த ஊரில் இல்லை. ஆகவே ஒரு பெண்ணின் தாடை தண்ணீரோடு சேர்ந்து இறங்குகிறது என்ற செய்தி வந்தபோது யாரும் கன்னத்தில் கைவைத்துக்கொள்ளவில்லை. அதை எப்படி அளப்பது என்று கேட்டார்கள்.

அளக்கிற வழியைக் கண்டுபிடித்தவர் குழந்தைவேலு. ஊரில் மூன்று ரிக் வண்டிகள் அவருடையவை. ஒருநாள் காலை அவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், பிரிக்காத தீப்பெட்டி ஒன்று வைத்துக்கொண்டு மைனாவதியின் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத அம்மிணி. கொஞ்சம் ஈன்னு காட்டு."

அவள் காட்டினாள். பெரிய மனுசர் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று தெரியாமல்தான் அன்று காட்டினாள். அவர் தீக்குச்சிகளின் மருந்து முனையை ஒடித்துப் போட்டுவிட்டு, குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவள் பற்களுக்கு நடுவே அடுக்கிப் பார்த்தார். இரண்டு நுழைந்தன. மூன்றாவது நுழையவில்லை. அறுநூறு அடிக்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு குச்சி என்று அவர் கணக்குப் போட்டு, எண்ணூறு அடி வரைக்கும் ஓட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். எண்ணூறு அடியில் தண்ணீர் வந்தது. மைனாவதிக்கு இரவெல்லாம் காதோரம் வலித்தது. காலையில் மூன்றாவது குச்சியும் நுழைந்தது.

இப்படித்தான் அது வழக்கமானது. கிணறு போடுகிறவர்கள் தண்ணீர் தேடி நிலத்தில் தேங்காய் வைத்துப் பார்ப்பதை விட்டார்கள், வேப்பங்குச்சி பிடிப்பவரை விட்டார்கள், மிஷின் கொண்டுவருகிறவரை விட்டார்கள்; விடிந்ததும் குளித்துவிட்டு, தட்டும் தீப்பெட்டியுமாக மைனாவதியின் வாசலில் வந்து நின்றார்கள், அவள் கோலம் போட்டு முடிக்கும்வரை பேசாமல் நின்றார்கள், முடித்ததும் வாயைப் பார்த்தார்கள், தாடை எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பி அந்த ஆழத்துக்குத் துளைத்தார்கள், துளைத்ததும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனது, தாடையும் கூடவே போனது, அடுத்தவர் இன்னும் ஒரு குச்சி கூடுதலாகத் துளைத்தார். தங்கள் கைதான் தாடையைக் கீழே தள்ளுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அது அவரவருக்கு முன்னால் துளைத்தவரின் கை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊரில் பேச்சும் மாறியது. தோட்டத்தில் தண்ணீர் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. "மைனா வாய் எப்படி இருக்குதாமா?" என்றார்கள். வெளியூரில் பெண் எடுக்கிறவர்கள்கூட இத்தனை ஏக்கர், இத்தனை தென்னை என்று சொல்லிவிட்டு, "நாலு குச்சியிலயே தண்ணி" என்றார்கள். மாரியம்மன் கோயிலில் பூசாரி தீர்த்தம் கொடுக்கும்போது அவளுக்கு மட்டும் இரண்டு முறை கொடுத்தார். பஸ்சில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவளால் கடித்துத் தின்ன முடியாது என்று தெரிந்து, வீட்டுக்கு வீடு களியும் கூழும் மசித்த பழமும் வந்தன. முறுக்கு சுட்ட வீட்டிலிருந்து அவளுக்கு மாவு வந்தது. எல்லாரும் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

ஒரு வருடத்தில் ஐந்து குச்சி. உதடுகள் சேரவில்லை. நாக்கு வறண்டு, காலையில் எழும்போது வாய்க்குள் புழுதி பறந்த மாதிரி இருந்தது. உதடு சேராததால் அவளுக்கு வாயில் 'ப' வரவில்லை, 'ம' வரவில்லை. தன் பெயரையே சொல்ல முடியாமல் ரேஷன் கடையில் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தூங்கும்போது தாடை பின்னால் சரிந்து மூச்சை அடைத்தது. மகள் தர்ஷிணி பக்கத்தில் படுத்திருந்து, அம்மாவின் மூச்சு நின்றால் தோளைப் பிடித்து உலுக்கப் பழகியிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் ஆள் அனுப்பினார்.

ராசாமணிதான் மைனாவதியைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தாடை அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் ஷெரின் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப இருந்து இறங்குது?"

ராசாமணி எல்லாவற்றையும் சொன்னாள், தீக்குச்சி, குழாய், எழுநூறு அடி உட்பட. டாக்டர் குறித்துக்கொண்டார்.

"தண்ணி மட்டம் எங்க படிப்புல வராதும்மா. எலும்பு வரும். மேல் தாடைய மூக்குக்குக் கீழ அறுத்து, சரியான இடத்துல ஏத்தி வச்சு, தகடும் திருகாணியும் போட்டு முடுக்குவோம். கீழ்த் தாடைய ரெண்டு பக்கமும் பிளந்து முன்னால கொண்டுவந்து சேர்ப்போம். வெட்டெல்லாம் வாய்க்குள்ளயே, வெளிய தழும்பு தெரியாது. அதுக்கு முன்னால பல்லுக்குக் கம்பி கட்டணும். அப்புறம் சில வாரம் ரெண்டு தாடையையும் ரப்பர் போட்டுக் கட்டியிருப்போம், தண்ணியாத்தான் சாப்பிடணும்."

மைனாவதி கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்படிப் பிடித்தால் ஓரளவுக்குப் பேச வரும். "செத்துப்போவனுங்களா?"

"மயக்க மருந்துல ஆபத்தே இல்லன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. அது ரொம்பக் கம்மி. கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போகும். பல பேருக்கு மெதுவாத் திரும்பிடும். சில பேருக்கு அப்படியே நின்னுடும்."

"நின்னுச்சுன்னா?"

"காப்பி சூடா, ஆறிடுச்சான்னு உதட்டுக்குத் தெரியாது. குழந்தை முத்தம் குடுத்தா, குடுத்தது கண்ணுக்குத்தான் தெரியும்."

மைனாவதி சுவரில் மாட்டியிருந்த மண்டை ஓட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் விளக்கை அணைத்தார்.

"இன்னொண்ணு. இறங்கிக்கிட்டு இருக்கற தாடைய நான் அறுக்க மாட்டேன். அறுத்து வச்சாலும் மறுபடி இறங்கிடும். ஆறு மாசம் அது நின்ன இடத்துலயே நிக்கணும். நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கத்தி. இப்படியே விட்டாலும் மூட்டு தேஞ்சுபோகும், ஒருநாள் தூக்கத்துல மூச்சு நிக்கும். அதையும் சொல்லிடறேன்."

பஸ்சில் திரும்பும்போது மைனாவதி கணக்குப் பார்த்தாள். ஒரு பக்கம் கத்தி, இன்னொரு பக்கம் தூக்கம். இரண்டுக்கும் நடுவே ஊர். தாடை நிற்க வேண்டுமென்றால் ஊஞ்சக்காட்டில் ஆறு மாதம் ஒருவரும் துளை போடக் கூடாது. கத்தியைவிட அதைக் கேட்பதற்குத்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். மைனாவதியின் பற்களில் அதற்குள் கம்பி ஏறியிருந்தது.

"என்ன அம்மிணி, பல்லுக்கு வேலி போட்டாச்சாட்ட இருக்குது?" என்றார் குழந்தைவேலு. சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு பேச, புரியாததை ராசாமணி எடுத்துச் சொன்னாள். ஆறே மாதம். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. கோபப்பட்டவர்கள் யாருமில்லை. "பாவந்தான்" என்றார்கள். "ஆறு மாசத்துல தென்னை மண்டை காஞ்சு விழுந்துரும்" என்றார்கள். "எம் புள்ள கல்யாணத்துக்குள்ள ஒண்ணு போட்டுக்கறேன், அப்பறம் நிறுத்தலாம்" என்றார் ஒருவர். "நீ பொறுத்துக்கிட்டா ஊரே பொழைக்குது கண்ணு" என்று ஒரு பெண் மைனாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகை.

குழந்தைவேலு கடைசியாகப் பேசினார். "சரி, உனக்கு ஒட்டவெச்சுட்டாங்கன்னு வெச்சுக்குவோம். பூமி வாயத் தொறந்துட்டுத்தான இருக்குது? அது யாராச்சும் ஒருத்தர் வாயில வந்து நின்னுதான ஆகோணும்? உன்னைய உட்டா யாருகிட்ட போகும்? அதையும் ரோசன பண்ணிக்க."

அவர் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒவ்வொரு தலையாக, வெயிலில் செடி திரும்புகிற மாதிரி, ராசாமணியின் மடியில் உட்கார்ந்திருந்த தர்ஷிணியின் பக்கம் திரும்பியது. குழந்தை வாயை மூடிக்கொண்டாள்.

மைனாவதி அன்றே அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தாள். ராசாமணியிடமும் சொல்லிவிட்டாள். தன் வாயோடு போவது போகட்டும், கம்பியைக் கழற்றிவிட்டு வந்துவிடலாம். அந்த முடிவோடு அவள் எட்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தாள். தீப்பெட்டிக்காரர்களுக்கு வாயைக் காட்டினாள். ஆறாவது குச்சி நுழைந்தது.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததைக் குடத்தோடு போன மைனாவதி பார்த்தாள். ஒரு பிள்ளை தட்டுக்குப் பதிலாக எவர்சில்வர் மூடி ஒன்றைப் பிடித்திருந்தது. அதில் இரண்டு ஆவாரம்பூ. நடுவில் ஒரு கல்லின் மேல் தர்ஷிணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தை அண்ணாந்து, கண்களை மூடி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். இன்னொரு பிள்ளை, "தப்பா நெனச்சுக்காத அம்மிணி" என்று குழந்தைவேலுவின் குரலில் சொல்லி, ஈர்க்குச்சிகளை அவள் பல்லுக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னம் கொஞ்சம் தொறடி, பத்தல."

"தொறந்துட்டுத்தாண்டி இருக்கறேன். இப்பப் பாரு, எங்கம்மாளவிட ஜாஸ்தி!"

குடம் மைனாவதியின் இடுப்பிலிருந்து எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய வாய் மூடினாலும் மூடாவிட்டாலும் ஊர் அடுத்த வாயைத் தயார் செய்துகொண்டிருந்தது. குழந்தை அதற்குத் தானாகப் போய் உட்கார்ந்திருந்தாள், பெருமையோடு.

திங்கட்கிழமை காலை தட்டோடு வந்தவர்கள், வாசலில் மைனாவதி வெள்ளைத் துண்டு ஒன்றால் தாடையைத் தலையோடு சேர்த்துச் சுற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கோலம் போடுவதைப் பார்த்தார்கள். கோலம் முடிந்தது. அவள் நிமிர்ந்தாள். துண்டை அவிழ்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் செய்தது அவ்வளவுதான். ஆனால் ஊஞ்சக்காட்டில் அதற்குள் வாயைப் பார்க்காமல் துளைபோடத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. வேப்பங்குச்சி பிடித்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார், தேங்காய் வைத்தவருக்குக் கை மறந்துவிட்டது. எத்தனை அடி என்று தெரியாமல் ஒரு குழாயை இறக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. நல்ல நாள் குறித்தவர்கள் நாளைத் தள்ளிப்போட்டார்கள். மூன்று ரிக் வண்டிகளும் மேட்டில் வரிசையாக நின்றன. அவற்றின் நிழலில் நாய்கள் படுத்தன.

அந்த ஆறு மாதம் ஊர் அவளிடம் எதுவும் பேசவில்லை. களி வரவில்லை, கூழ் வரவில்லை. பூசாரி தீர்த்தத்தை ஒருமுறை ஊற்றினார், பிறகு கைதவறினாற்போல ஊற்றாமல் நகர்ந்தார். அவள் தெருக் குழாயில் மட்டும் தண்ணீர் கடைசியாக வந்தது. பஸ்சில் அவள் ஏறினால் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். ஆனால் அவள் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்களும் துண்டுக்குள் இருக்கிற தாடையைத் துளைப்பதை உணர்ந்தாள். வீட்டுக்கூரையில் கல் விழுமோ என்று காத்திருந்தாள். விழவில்லை. விழுந்திருந்தால் பயம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். குழந்தைவேலு ஒருமுறை மட்டும் தனியாக வந்தார். தட்டு இல்லை.

"கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்டச் சொல்றயே அம்மிணி. இது நாயமா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவரும் பயந்துபோயிருந்தார்.

மழைக்காலத்துக்குச் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் துண்டைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"வேண்டாங்கறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நான் அப்பிடிச் சொல்லலியே."

"பின்ன?"

"எனக்குப் பயமா இருக்குது புள்ள." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ போன்ல சொன்னதுக்கப்பறம், அங்க குழாய் எறக்கறப்பெல்லாம் வேடிக்கை பாக்க வர்ற பொம்பளைங்க வாயப் பாத்துட்டு இருந்தேன். நம்மூர்லயே இப்படின்னா, அங்க எவ வாயி எறங்குதோன்னு."

"அப்பிடி ஆராச்சும்…?"

"ஒருத்தி முந்தானையால மூடிட்டே நின்னா. நான் குழாய எறக்குனேன். அவ காதப் புடிச்சிட்டு உக்காந்துட்டா."

அதற்கப்புறம் அவன் வண்டி ஏறவில்லை. மைனாவதிக்கு எதிர்த் தறியில் வேலைக்குச் சேர்ந்து, முன்பல்லால் நூல் கடிக்கக் கற்றுக்கொண்டான்.

ஆறு மாதம் ஆறு குச்சியிலேயே நின்றது தாடை. டாக்டர் ஷெரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு நாள் குறித்தார். 2019 பிப்ரவரி 6, புதன்கிழமை. அன்று விடிகாலை அவர்கள் பஸ் ஏறும்போது ரோட்டோரத்தில் ஊரே நின்றிருந்தது. யாரும் கூப்பிட்டு வரவில்லை. சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர்களைப் போலக் கைகட்டி நின்று பஸ் திரும்பும்வரை பார்த்தார்கள். பஸ் திரும்பியதும் மேட்டில் நின்ற ரிக் வண்டி ஒன்று புகையை விட்டுக் கிளம்பியது.

தள்ளுவண்டியில் படுத்திருந்த மைனாவதி தர்ஷிணியை அருகே கூப்பிட்டாள். குழந்தை குனிந்து அவள் கீழ் உதட்டில் முத்தம் கொடுத்தாள். ஈரமாக, கொஞ்சம் குளிர்ச்சியாக, பிஸ்கட் வாசனையோடு இருந்தது. அதை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் நினைத்தாள். பிறகு நீண்ட நடைவழி, மேலே ஓடுகிற விளக்குகள், பச்சைத் துணி, முகத்தை நெருங்குகிற ரப்பர் வாசனை. எழுந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வாய் சேரவில்லை. காதோரத்தில் ஒரு சொடக்கு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, யாரோ எங்கோ குழாயை இறக்குகிறார்கள் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு மேல் இல்லை.

ஊஞ்சக்காட்டில் அன்று குழந்தைவேலு, அவள் வாய் ஒட்டப்படுவதற்குள் ஒரு கிணறு என்று, கடைசியாக எண்ணிய ஆறு குச்சிக் கணக்கில் ஆயிரத்து இருநூறு அடிக்கு ஓட்டச் சொல்லியிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குக் குழாய் பாதியில் சிக்கியது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மூன்று வண்டிகளைக் கட்டி இழுத்தும் அசையாததால் அதை அங்கேயே விட்டு, வாய்க்குச் சாக்கு போட்டு மூடிவிட்டு வந்தார்கள். சேலத்தில் அந்த நேரத்தில்தான் டாக்டர் கடைசித் திருகாணியை முடுக்கினார்.

மைனாவதி பூசணிக்காய் மாதிரி வீங்கிய முகத்தோடு கண் விழித்தாள். பல்லோடு பல் சேர்ந்திருந்தது. ஒன்றரை மாதம் கஞ்சித் தண்ணீரும் பழச்சாறும் கன்னத்து ஓரமாக உறிஞ்சிக் குடித்தாள், எலும்பும் தோலுமானாள், மூச்சு முட்டுகிறது என்று பயந்து ரப்பரை வெட்ட ஒரு கத்தரிக்கோலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள். ரப்பரைக் கழற்றிய அன்று அவள் முதலில் சொன்ன வார்த்தை மகளுக்குப் புரிந்தது. தன் பெயரைத்தான் சொன்னாள்: மைனாவதி. கீழ் உதட்டின் இடது பாதி திரும்பவே இல்லை. தர்ஷிணியை அவள் வலது பக்கமாக முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

ஜூன் மாதம் தறிக்கூடத்துக்குப் போனாள். முதல் நூலை முடிந்து கடித்தபோது ராசாமணி தறியை நிறுத்தினாள். பக்கத்தில் ஒவ்வொன்றாக நின்றன. நூல் அறுந்து அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"போதும் போதும், எல்லாருக்கும் பல்லு இருக்குது, பொழப்பப் பாருங்கோ" என்று ராசாமணி கத்தினாள். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் தீப்பெட்டி கொண்டுவரவில்லை. கொஞ்ச நாள் ஊர் சும்மா இருந்தது. பிறகு குழந்தைவேலு ஒரு கிணறு போட்டார். எவ்வளவு ஆழம் என்று சொல்ல ஆள் இல்லாததால், தண்ணீர் வரும்வரை ஓட்டச் சொன்னார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். முன்பு ஒரு வாயைப் பார்த்துத் துளைத்த ஊர், இப்போது யார் வாயையும் பார்க்க வேண்டாத நிம்மதியில் துளைத்தது. சாக்கு போட்டு மூடிய துளைகள் காடெங்கும் பெருகின. மைனாவதியின் காதில் சொடக்கு விழவில்லை. ஆனால் அவள் தினமும் விடிந்ததும், பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிவிடும் முன்னால், மகளின் கையில் ஒரு துண்டு நூலைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். தர்ஷிணி தூக்கக் கலக்கத்தோடு கடிப்பாள். நூல் அறும். அன்றைய பயம் அன்றோடு முடியும். இப்படி மூன்று வருடம் போனது.

2022 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு, அந்தக் கூடத்தில் வேலையிலிருந்த பதினோரு பேரில், ராசாமணியும் சென்னியப்பனும் உட்படப் பத்துப் பேரால் நூலைக் கடித்து அறுக்க முடியவில்லை. அந்தப் பத்துப் பேர் பல்லுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைந்தது. அன்று விடிந்ததும் தன் வீட்டு வாசலில் ஒரு நூல் அறாமல் போனதை மைனாவதி அவர்களிடம் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு தறியாகப் போய் நூலைக் கடித்துக் கொடுத்தாள்.